கொள்ளுத் தின்ற ஆமைக்குட்டிகள்

என் கையில் வளர்ந்த எதுவும் இளைத்துப் போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். தாய் செத்த வெள்ளாட்டுக் குட்டிகளைப் புட்டிப்பால் கொடுத்துத் தேற்றியிருக்கிறேன். எழாமல் கிடந்த கன்றை எழுப்பி நடக்கவிட்டிருக்கிறேன். சந்தைக்குப் போன என் கிடாக்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யார் வளர்த்தது என்று விசாரித்தவர்கள் உண்டு. அதனால் வைகாசி மாதம் தோட்டத்துக்காரர் ஒரு பிளாஸ்டிக் கூடையில் ஐந்து ஆமைக்குட்டிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது எனக்குக் கொஞ்சமும் கலக்கம் வரவில்லை.

தோட்டத்துக்காரர் பெங்களூரில் இருப்பவர். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தென்னையும் மாவும் வைத்த நிலம் அவருடையது. நானும் என் வீட்டுக்காரரும் அங்கேயே குடியிருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறோம். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், என்னை மட்டும் கன்னடத்தில் அஜ்ஜி, அதாவது பாட்டி என்று கூப்பிடுவார்.

"அஜ்ஜி, இது நம்ம ஊர் ஆமை இல்ல. கடல் நடுவுல ஒரு தீவு, அங்க இருக்கற ஜாதி. பெருசானா மூணு மூட்டை நெல்லு கனம் வரும். நூறு வருஷம் தாண்டியும் இருக்கும்."

என் வீட்டுக்காரர் குனிந்து கூடைக்குள் பார்த்தார். உள்ளே கிடந்தது ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான்.

"அப்ப எங்க ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டப்பறமும் இதுங்க புல்லு தின்னுகிட்டுதான் இருக்குமுங்களா?"

"இருக்கும் தாத்தா."

"அதுக்குள்ள புல்லு அறுத்தே இவ கை தேஞ்சிடுங்க."

வளர்ப்பதற்கு அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்திருப்பதாகவும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் தோட்டத்துக்காரர் சொன்னார். அது நான் கேட்காமலேயே சொன்னது. எங்கள் பக்கத்துக் காட்டு ஆமையைப் பிடித்து வீட்டில் வைத்தால் வனத்துறை விடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு இரண்டு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்ததைக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார். சாப்பாடு, குளியல், படுக்கை எல்லாம் அதில் இருக்கிறது, சந்தேகம் வந்தால் போன் பண்ணுங்கள் என்றார். அடுத்த வாரம் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், மற்றதெல்லாம் எழுத்துக் கூட்டித்தான். அந்த இரண்டு தாளைப் படித்து முடிக்க மூன்று மத்தியானம் ஆயிற்று. முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. குட்டிகள் படுக்கிற இடம் ஈரமாக இருக்க வேண்டுமாம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டுமாம். தானியம், புண்ணாக்கு எதுவும் கூடாதாம். புல்லும் தழையும் மட்டும்.

"ஒரு குட்டிய வளத்துப் பாத்தவங்க எழுதுன மாதிரி இல்லீங்களே இது," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"போன் பண்ணிக் கேளு."

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? ஈரத்துல போட்டா எந்தக் குட்டி பொழைக்கும்?"

ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டி படுத்த இடம் ஒரு நாள் ஈரமாக இருந்தால் மறுநாள் இருமும், அதற்கடுத்த நாள் மூக்கு ஒழுகும். கோழிக்குஞ்சுக்கு அவ்வளவு நாள்கூட வேண்டாம். ஈரத்தை அண்டவிடாமல் பார்ப்பதுதான் எங்களுக்குக் குட்டி வளர்ப்பதில் பாதி வேலை. நான் முதல் காரியமாகக் கூடையில் இருந்த ஈரத்துணியை எடுத்து வீசினேன். ஐந்தையும் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். கொட்டகையில் தரையைக் கூட்டி அடுப்புச் சாம்பலைத் தூவி, மேலே காய்ந்த கேழ்வரகுத் தாளைப் பரப்பினேன். கீரியும் காக்காயும் வராமல் சுற்றிலும் வலை கட்டினேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

தீனியும் என் கணக்குத்தான். அருகம்புல் போட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் பட்டுப்பூச்சிக்கு வளர்க்கும் மல்பெரித் தழை வாங்கிப் போட்டேன். தாய்ப்பால் இல்லாத குட்டிகளாயிற்றே, வெறும் தழை எப்படிப் போதும் என்று காலையில் ஊறவைத்த கொள்ளும், சாயங்காலம் ஒரு பிடி கடலைப் புண்ணாக்கும் வைத்தேன். ஆமைக்கு ஏது தாய்ப்பால் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் இன்னொரு பிடி கொள்ளை ஊறப்போட்டேன்.

அவை தின்றதைப் பார்த்திருக்க வேண்டும். முதல் பத்து நாள் என்னைக் கண்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டவை, பிறகு என் கொலுசு இல்லாத காலின் சத்தத்தையே அடையாளம் வைத்துக்கொண்டன. நான் கொட்டகைக்குள் கால் வைத்ததும் நாலும் வரிசை கட்டி வரும். நாலுதான். ஐந்தாவது வராது. இருப்பதில் சிறியது அது. குடிக்க வைத்த அகலமான மண்தட்டுக்குள் ஏறி, தண்ணீரில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொள்ளைக் கண்டாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். நான் தூக்கித் துடைத்துக் கேழ்வரகுத் தாளின் மேல் விடுவேன். வேலையை முடித்துத் திரும்பிப் பார்த்தால் மறுபடி தட்டுக்குள் இருக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை எங்களுக்குள் இந்தச் சண்டை. இது தேறாது என்று நினைத்தேன். தேறாததன் மேல் கொஞ்சம் பிரியம் கூடுதலாக இருக்கும், அது வளர்க்கிறவர்களின் சாபம்.

மற்ற நாலும் மளமளவென்று வளர்ந்தன. ஐப்பசிக்குள் உரித்த தேங்காய் அளவு ஆகிவிட்டன. முதுகோட்டில் கட்டம் கட்டமாக இருக்கிறதே, அந்த ஒவ்வொரு கட்டமும் நடுவில் எழும்பிச் சின்னச் சின்ன மேடாக நின்றது. எனக்கு அது பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் சிறுபெண்ணாகக் கடலைக்கொல்லையில் களை எடுத்த காலத்தில் மஞ்சள் கோடு போட்ட காட்டு ஆமைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவற்றின் முதுகெல்லாம் மேடு மேடாகத்தான் இருக்கும். ஆமை என்றால் அப்படித்தான் என்பது என் கண்ணில் பதிந்திருந்தது. சின்னதின் முதுகு மட்டும் ஆற்றுக் கல் மாதிரி வழவழவென்று இருந்ததைப் பார்த்து, பாவம், சத்தில்லாமல் மேடு கட்டவில்லை என்று அதற்காக வருத்தப்பட்டேன்.

கார்த்திகை மாதம் தோட்டத்துக்காரர் ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டரம்மாவை அனுப்பினார். இந்த மாதிரி பிராணிகளுக்கென்றே படித்தவராம். ஒல்லியான பெண், என் கடைசி மகள் வயதுகூட இருக்காது. நான் முகத்தைக் கழுவி நல்ல சேலை கட்டிக்கொண்டு, இருப்பதில் பெரியதைத் தூக்கிக் காட்டினேன்.

டாக்டரம்மா அதை வாங்கி முதுகில் விரலை ஓட்டினார். ஒரு மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி அடுத்த மேட்டில் ஏறியது விரல். பிறகு மற்ற மூன்றின் மேலும் அதே மாதிரி.

"ஆயா, இதுங்களுக்கு முதுகு இப்படி இருக்கக் கூடாதுங்க. வழவழன்னு இருக்கணும்."

"ஆமைக்கு மேடு இருக்குமுங்க. எங்க காட்டுல எல்லாம்..."

"அது வேற ஜாதிங்க ஆயா. அதுக்கு அப்படி இருக்கலாம். இதுக்கு அது கோளாறு. இப்படியே வளந்தா வெறும் அழகு மட்டும் கெடாது. உள்ள எலும்பும் கோணிக்கும். பெருசாகி அத்தனை கனத்தையும் தூக்கிகிட்டு நடக்கறப்ப காலு தாங்காது." அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். "இதுல இருக்கற மாதிரிதான் செஞ்சீங்களா?"

"அச்சு அசலா அப்படியேதாங்க," என்றேன்.

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஆனால் அன்றைக்கு நாக்கு தடுமாறவே இல்லை.

டாக்டரம்மா கீழே காய்ந்த கேழ்வரகுத் தாளையும் சாம்பலையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மண்தட்டிலிருந்து சின்னதை எடுத்து விரலை ஓட்டினார். நிறுத்தி, திருப்பி இன்னொரு முறை ஓட்டினார்.

"இது மட்டும் எப்படிங்க இவ்வளவு நல்லா இருக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"அது தண்ணியிலயேதாங்க குடித்தனம் நடத்துது. இவளும் தூக்கித் தூக்கி வெளிய போட்டுப் பாத்தா. கேக்கல. கொள்ளும் தின்னாது, புண்ணாக்கும் தின்னாது. இவ பேச்சைக் கேக்காத உசிரு இந்தத் தோட்டத்துல அது ஒண்ணுதாங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு நிலம் பிளந்தால் தேவலை போல இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதில் சொல்லி நிமிர்ந்திருப்பேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். இந்தக் குட்டிகள் வளர்கிற காலத்தில் காய்ந்து கிடந்தால் ஓடு பக்கவாட்டில் விரியாமல் மேலே எழும்பும். கொள்ளும் புண்ணாக்கும் தின்று வேகமாக வளர்ந்தால் இன்னும் மோசம். இது மெதுவாக வளர வேண்டிய ஜாதி.

"ஈரத்துல போட்டா சளி புடிக்காதுங்களா?" என்றேன். அந்த ஒன்றை மட்டும் என்னால் விட முடியவில்லை.

"குளிர்ற ஈரம்னா புடிக்குங்க ஆயா. அதுல நீங்க நெனைக்கறது சரிதான். இதுக்கு வேண்டியது வெதுவெதுன்னு இருக்கற ஈரம். மழை பேஞ்சு வெயில் அடிக்கறப்ப மண்ணு இருக்குமே, அப்படி."

பிறகு தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டு என் எதிரிலேயே எல்லாம் சொன்னார். கடைசியில் போனை என்னிடம் கொடுத்தார்.

"அஜ்ஜி, உங்களக் குத்தம் சொல்லல," என்றார் தோட்டத்துக்காரர். "ஆனா இதுங்க கெட்டுப்போனா நூறு வருஷத்துக்குக் கெட்டதுதான். பெங்களூர்ல என் சிநேகிதர் ஒருத்தர் கண்ணாடி ரூம் கட்டி வளக்கறாரு. மாங்கா சீசன் முடியற வரைக்கும் பாப்போம். புதுசா வளர்ற ஓடு நல்லா வந்தா அங்கேயே இருக்கட்டும். இல்லன்னா அவர்கிட்ட அனுப்பிடறேன்."

சரிங்க என்றேன்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன். நாலும் வரிசை கட்டி வந்து என் கையை முட்டின. கொள்ளு இல்லை என்று தெரிந்ததும் என் புடவைத் தலைப்பைக் கடித்துப் பார்த்தன. பெங்களூரில் கண்ணாடி அறைக்குள் இவற்றின் கழுத்தை யார் சொறிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இந்தக் குட்டிகளுக்குக் கழுத்தடியில் விரலால் சொறிந்துவிட்டால் நாலு காலையும் நீட்டி, உடம்பைத் தூக்கி, கழுத்தை முழுக்க வெளியே விட்டு, கண் சொருகி நிற்கும். கையை எடுத்தால் கொஞ்ச நேரம் அப்படியே காத்திருக்கும். அதைக் கண்டுபிடித்தது நான். தாளில் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் சாம்பலைக் கூட்டி அள்ளினேன். தென்னைநார்த் தூளை இரண்டு சாக்கு கொண்டுவந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டி நனைத்தேன். மூலையில் செங்கல் அடுக்கி மேலே ஈரச் சாக்கைப் போட்டு ஒரு குகை மாதிரி செய்தோம். குளிர் மாதத்துக்கு டாக்டரம்மா சொன்ன பல்பை வீட்டுக்காரர் மாட்டினார். காலையில் தண்ணீர் காயவைத்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, அகலமான அலுமினிய பேசினில் ஐந்தையும் உட்காரவைப்பேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம்தான். நல்லெண்ணெய் தடவலாமா என்று டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். எனக்கு அதில் மனக்குறைதான்.

கொள்ளை நிறுத்தியதுதான் கஷ்டம். நாலும் பத்துப் பதினைந்து நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தன. பெரியது என் கால் கட்டைவிரலைக் கடித்தது.

"கடிக்கட்டும் புள்ள," என்றார் வீட்டுக்காரர். "டாக்டர் சொன்னாருன்னு எனக்கு நீ சக்கரைய நிறுத்துனப்ப எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

அருகம்புல், மல்பெரித் தழை, செம்பருத்தி இலை, முள்ளைச் சுட்டெடுத்த சப்பாத்திக்கள்ளி, சுண்ணாம்புச் சத்துக்குக் கடித்துத் தின்னக் கடல் கணவாயின் ஓடு. அவ்வளவுதான். காலை வெயில் படும்படி இரண்டு மணி நேரம் வெளியே மேயவிடுவேன். வெயில் ஏறினால் அவையே குகைக்குள் போய்விடும்.

மாசி வரைக்கும் ஓட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பங்குனியில் எங்கள் பக்கம் வெயில் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் நனைத்த நார்த்தூள் உச்சிப்பொழுதுக்குள் காய்ந்து தூசி பறக்கும். சித்திரையில் போர் தண்ணீர் அரை மணிக்கு மேல் ஓடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து நான் இடுப்பில் ஒரு குடமும் வீட்டுக்காரர் சைக்கிளில் இரண்டு குடமுமாகக் கொண்டுவந்தோம். அந்தத் தோட்டத்து அம்மா, "என்ன ஆயா, மாட்டுக்குத் தண்ணி இல்லையா?" என்று கேட்டார்.

"மாட்டுக்கு இருக்குது. ஆமைக்குத்தான்."

"தண்ணி ஊத்தி வளத்தா அது என்ன பயிரா?"

"ஆமாங்க. நூறு வருஷத்துப் பயிரு."

ஒரு நாளைக்கு நாலு முறை சாக்கை நனைத்தேன். நார்த்தூளைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்ப்பேன். பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதம் கையில் வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் ஒரு முறை ஈரம் அதிகமாகி, சின்னதன் அடிவயிற்று ஓட்டில் வெள்ளையாகப் படர்ந்தது. பயந்துபோய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, அவர் சொன்ன மருந்தைத் தடவி, வெயிலில் காட்டிச் சரி செய்தேன். அந்த முறை எதையும் மறைக்கவில்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினேன் என்று கேட்டபோது உள்ளதைச் சொன்னேன்.

வைகாசியில் ஒரு நாள் குளிப்பாட்டும்போது பெரியதன் முதுகில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே வெளிறிய ஒரு கோடு தெரிந்தது. புதிதாக வளர்ந்த ஓடு. விரலை வைத்துப் பார்த்தேன். தட்டையாக இருப்பது போல இருந்தது. என் விரல் காய்ப்புப் பிடித்தது, அதற்கு என்ன தெரியும்? வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிவிட்டு, "நல்லா இருக்கற மாதிரிதான் இருக்குது. ஆனா நான் சொல்லி என்ன ஆவுது," என்றார்.

ஆனி முடியும் வாரம் தோட்டத்துக்காரரும் டாக்டரம்மாவும் ஒரே காரில் வந்தார்கள். காரின் பின்பக்கம் காலிக் கூடைகள் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். காபி வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் நேராகக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். புதிய கோடுகளின் மேல் நகத்தை வைத்து ஓட்டினார். அடிப்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். கீழே விட்டு நடக்கவைத்துப் பார்த்தார். ஐந்துக்கும் முடிக்க வெகு நேரம் ஆனது. நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"புதுசா வந்தது எல்லாம் தட்டையா வந்திருக்குது சார்," என்றார். "பெரியதுக்கு மட்டும் இடது பக்கம் லேசா ஒரு தூக்கல். அதுவும் அடங்கிடும். கண்ணாடி ரூம்ல வச்சிருந்தாலும் இதைவிட நல்லா வந்திருக்காது."

தோட்டத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். "இங்கேயே இருக்கட்டும் அஜ்ஜி. உங்ககிட்டயே இருக்கட்டும்."

அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஏழெட்டு மாதமாக அதைச் சுமந்தது போதும் என்று இருந்தது.

"சார், போன தடவ டாக்டரம்மாகிட்ட தாள்ல இருக்கற மாதிரி செஞ்சேன்னு சொன்னது பொய்யிங்க. படிச்சேன். மூணு நாள் படிச்சேன். படிச்சுட்டு, எனக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன்."

"தெரியும் அஜ்ஜி," என்றார். "தாத்தா அன்னிக்கே போன்ல சொல்லிட்டாரு."

என் வீட்டுக்காரர் தென்னை மரத்தின் உச்சியில் ஏதோ அவசர வேலை இருப்பது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பழைய மேடு எப்பங்க மறையும்?"

"அது மறையாதுங்க ஆயா. சுத்தி வளர்றது வழவழன்னு வளரும். இதுங்க பெருசாகப் பெருசாக, பாக்கறவங்களுக்கு அவ்வளவா தெரியாது. ஆனா நடுவுல அந்த மேடு இருக்கும்."

"நூறு வருஷத்துக்குமா?"

"இருக்குங்க."

"பின்னால யாராச்சும் பாத்துட்டு, இது ஏன் இப்படி இருக்குதுன்னு கேட்டா?"

"கேட்டா என்ன சொல்லட்டும்?"

"மாரண்டஹள்ளியில ஒரு கெழவி கொள்ளு போட்டா, அதனால வந்ததுன்னு சொல்லுங்க. அப்பறம் அவளே சரி பண்ணுனான்னும் சொல்லுங்க. ரெண்டையும் சேத்து சொல்லணும்."

டாக்டரம்மா சரி என்று தலையாட்டினார். காலிக் கூடைகள் காரிலேயே இருந்தன. வெயில் ஏறுவதற்குள் நான் மல்பெரித் தழையை உதறிப் போட்டேன். ஐந்தும் வந்தன, சின்னது கடைசியாக. பெரியதன் முதுகில் நடுக்கட்டத்து மேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது தின்பதை நிறுத்தவில்லை.